மேல்தளச் சீட்டு

எங்கள் கப்பலுக்குப் பதினான்கு தளங்கள். நான் இருப்பது அடியிலிருந்து இரண்டாவது. அங்கே ஜன்னல் கிடையாது. ஜன்னல் வைத்தால் கடல் உள்ளே வந்துவிடும், அவ்வளவு கீழே. மேலே பயணிகள் அழுக்காக்குகிற துண்டும் விரிப்பும் சட்டையும் கீழே எங்களிடம் வந்து குவியும். துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு அனுப்புவோம். நான் சட்டை மேஜை. எட்டு மாத ஒப்பந்தம், நாளுக்குப் பத்து மணி நேரம். நீராவிக்குள்ளேயே நிற்பதால் சில நாள் நானே பாதி கரைந்துவிட்ட மாதிரி இருக்கும். கால் வலிதான் நான் இன்னும் இருக்கிறேன் என்று ஞாபகப்படுத்தும்.

என் கணவரைக் கேட்டால் வேறு கதை சொல்வார். அவருக்குத் தெரிந்த கப்பலில் நான் தினமும் காலையில் வேலை முடிந்ததும் மேல்தளத்துக்குப் போவேன். கம்பியோரம் மூன்றாவது சாய்வு நாற்காலி என்னுடையது. பறவைகள் கூடவே பறந்து வரும். காற்று வாங்கிக்கொண்டே அப்படியே கண்ணயர்ந்துவிடுவேன். இத்தனையும் நான் போனில் சொன்னது. நாக்கு கூசாமல் சொன்னது.

அதற்கும் ஒரு காரணம் உண்டு. முதல் ஒப்பந்தத்தின் முதல் மாதம், "இங்க மூச்சு முட்டுதுங்க" என்று போனில் அழுதுவிட்டேன். அவர் ஒரு பெரிய துணிக்கடையில் லிஃப்ட் இயக்குகிறவர். அன்றிலிருந்து ஒரு வாரம் மனுஷன் கண் மூடவில்லை. பகலில் லிஃப்டுக்குள் நின்றபடியே தூங்கி, யாரையும் எந்த மாடியிலும் இறக்காமல் ஏழு தடவை மேலும் கீழும் போய்வந்திருக்கிறார். முதலாளி கூப்பிட்டுக் கண்டித்தாராம். நாத்தனார் என்னைப் போனில் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, அழணும்னா எங்கிட்ட அழுங்க. எங்க அண்ணன்கிட்ட அழாதீங்க, அது தாங்காது" என்றாள். மறுநாளே அந்தச் சாய்வு நாற்காலியைக் கற்பனையில் வாங்கிப் போட்டேன். அன்றைக்கு அவர் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாராம். மூன்று ஒப்பந்தமாக அந்த நாற்காலியைத்தான் தினமும் துடைத்து வைக்கிறேன்.

நிஜத்தில் ஓய்வு நேரம் என்பது கப்பலில் எல்லோருக்கும் ஒன்றல்ல. சட்டையில் குத்தியிருக்கும் பெயர்ப்பட்டையில் நீலக் கோடு இருந்தால், அதாவது பாட்டுக்காரர்கள், கடைப்பெண்கள், போட்டோ எடுக்கிறவர்கள் என்றால், வேலை முடிந்தபின் பயணிகளோடு உலாவலாம். மஞ்சள் கோடு என்றால் சலவை, சமையல், எஞ்சின். எங்களுக்குக் கீழேயே டிவி அறை, கீழேயே சாப்பாடு. முன்பக்கம் நங்கூரச் சங்கிலி ஓரமாக ஒரு திறந்த மூலை உண்டு. அங்கே கடல் காற்றைவிடச் சிகரெட் காற்றுதான் அதிகம். மேலே போவது மாதம் இரண்டு தடவை, பயணிகள் ஊர் பார்க்க இறங்கிய பிறகு, ஆபத்து ஒத்திகைக்கு மட்டும். ஒத்திகை கலைகிற ஐந்து நிமிடத்தில் ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி நாற்காலிக்குப் பின்னால் ஒளித்துவிட்டு நிற்பேன். என் சிநேகிதி போட்டோக்காரி சட்டென்று ஒரு படம் எடுத்துத் தருவாள். அதைத்தான் வீட்டுக்கு அனுப்புவேன். "ஒரு ஆளக்கூடக் காணோமே?" என்பார் அவர். "காலங்காத்தால யாரு வருவா?" என்பேன்.

இப்படியே ஓட்டியிருப்பேன். எங்கள் சலவை மாஸ்டருக்கு நல்ல மனசு, அதுதான் வினையாகப் போயிற்று. மூன்று ஒப்பந்தம் முடித்தவர்களின் குடும்பத்தில் ஒருவர் ஒரு வாரம் பயணியாக வரலாம் என்று ஒரு சலுகை. நான் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. கூச்சத்தில் கேட்காமல் இருக்கிறேன் என்று நினைத்து, மாஸ்டரே எழுதிப் போட்டு, வாங்கி, வீட்டுக்கும் தகவல் அனுப்பிவிட்டார். என்னிடம் தாளை நீட்டியபோது அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. நன்றி சொல்லிவிட்டுப் போய் விரிப்பு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டேன்.

கூடவே மூன்று பக்கத்துக்கு விதிகள். கணவர் கீழே வரக்கூடாது. நான் அவர் அறைக்குள் போகக்கூடாது. கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது எனக்கு விடுப்பு இருந்தால் ஊருக்குள் சந்திக்கலாம். அது போக ஒரே ஒரு நாள், மாலை ஐந்திலிருந்து ஏழு வரை, மேல்தளச் சீட்டு. அந்த இரண்டு மணி நேரத்திலும் சீருடை, பெயர்ப்பட்டை கட்டாயம். பயணிகளின் நாற்காலியில் உட்காரக்கூடாது. அவர்கள் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடக்கூடாது. கைகோர்த்து நடக்கக்கூடாது. மனுஷன் என்னைத் தொட வேண்டுமென்றால் நான் அலையில் தடுக்கி விழுந்தால்தான் உண்டு போலிருக்கிறது.

மகளை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு அவர் வந்து ஏறினார். பயணிகள் ஏறுகிற வாசல் வேறு, நான் பார்க்கவில்லை. சலவைக்கூடத்துச் சுவர் போனிலிருந்து அவர் அறைக்குக் கூப்பிட்டேன்.

"ஏய், இந்த ரூம்ல கடல் தெரியுது!" என்றார். குரலே மிதந்தது. "படுத்தா தொட்டில்ல போட்டு ஆட்டுற மாதிரி இருக்கு. இதுலயா நீ இத்தனை வருஷம் இருக்க?"

"ஆமாங்க. சாப்பிட்டீங்களா?"

"அதை ஏன் கேக்குற! சாப்பிடலாம்னு லிஃப்ட்ல ஏறினேன். பழக்க தோஷம், பட்டன் பக்கத்துல போய் நின்னுட்டேன். ஏறுறவங்கல்லாம் விரலைக் காட்டுறாங்க, நானும் அமுக்குறேன், அமுக்குறேன், முக்கால் மணி நேரம் ஓடிப் போச்சு. ஒரு அம்மா கையில காசு வேற வச்சுட்டுப் போயிட்டாங்க."

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

"சரி, உன் நாற்காலி எந்தப் பக்கம்? நாளைக்குக் காலையில வரேன்."

சிரிப்பு அப்படியே நின்றது. "இந்த வாரம் எனக்குக் காலை வேலைங்க. நானே கூட்டிட்டுப் போறேன், பொறுங்க" என்றேன்.

முதல் துறைமுகத்தில் எனக்கு விடுப்பு இல்லை. கப்பல் கரையில் நின்றாலும் மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் உள்ளேயே இருக்க வேண்டும். அந்தப் பங்கில் நான். இரண்டாவது துறைமுகத்தில் காற்று பலமாக அடிக்கிறதென்று கப்பல் ஒதுங்காமலே போய்விட்டது. ஒரே இரும்புக் கூட்டுக்குள் அவர் பதினோராம் தளத்தில், நான் இரண்டில். நடுவில் ஒன்பது தளமும் மூன்று பக்க விதியும். இஸ்திரி போடும்போது அவ்வப்போது தலைக்கு மேலே பார்ப்பேன். குழாய்கள்தான் தெரியும். அவற்றுக்கும் மேலே எங்கோ அவர் செருப்பில்லாமல் மெத்தென்ற கம்பளத்தில் நடந்துகொண்டிருப்பார் என்று நினைத்தால், யாரோ கண்ட கனவுக்கு அடியில் நான் நின்று துணி தேய்ப்பது போல இருக்கும்.

போட்டோக்காரி எனக்குப் பாடம் எடுத்தாள். சலவைச் சீட்டின் பின்புறம் மேல்தளத்தை வரைந்து, "இங்க நீச்சல்குளம். இங்க ஐஸ்கிரீம். கம்பியோரம் மூணாவது நாற்காலின்னு சொன்னியே, அங்க இப்ப உயிர்காப்புப் படகு தொங்குது. இடத்தை மாத்திட்டாங்கன்னு சொல்லிடு" என்றாள். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி மனப்பாடம் செய்தேன். ஐஸ்கிரீம் இடதா வலதா என்பதுதான் கடைசிவரை ஏறவில்லை.

ஆறாம் நாள், ஐந்து மணி. சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆட்கள் படியில் ஒன்பது தளம் ஏறினேன். மேலே ஒரு கனத்த கதவு. தள்ளினால் அந்தப் பக்கம் வேறு உலகம். காலடிச் சத்தமே கேட்காத கம்பளம், எங்கிருந்து வருகிறதென்று தெரியாத பியானோ, தேன் நிறத்தில் வெளிச்சம். ஒரு நிமிடம் எனக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது.

எதிரே ஒரு பயணி வந்தார். மழித்த முகம், விறைப்பான சட்டை, கழுத்தில் பயணி அட்டை. பத்தடிக்குள் பயணி வந்தால் ஒதுங்கு, சுவரோடு நில், சிரி, வணக்கம் சொல். முதல் நாளே எங்கள் எலும்பில் ஏற்றிவிட்ட பாடம் இது. ஒதுங்கினேன். முதுகு சுவரில் பட்டது. கைகளைக் கோர்த்துக்கொண்டு, அந்தக் கழுத்து அட்டையைப் பார்த்துச் சிரித்து, "குட் ஈவினிங், சார்" என்றேன்.

அவர் நின்றுவிட்டார்.

"என்னையா சாருங்கிற?" என்றது குரல்.

மீசையை எடுத்திருந்தார். கப்பலுக்கு வருகிறோமே என்று எடுத்திருக்கிறார். பத்தொன்பது வருஷம் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்திய மனுஷனைச் சுவரில் ஒட்டி நின்று சார் என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரோடு ஒட்டியிருந்த என் முதுகையும் கோர்த்த கைகளையும் பார்த்தார். இருபது வருஷம் லிஃப்டில் நின்றவருக்கு அந்த நிற்கிற விதம் புரியாமலா போகும்?

மேல்தளத்துக்குப் போனோம். காற்று முகத்தில் மோதியதும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, வெளிச்சம் பழக்கமில்லை. படித்த பாடம் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. "நாற்காலி எங்க?" என்று அவர் கேட்கவே இல்லை. கேட்காததுதான் தாங்க முடியவில்லை.

"நாற்காலியே இல்லைங்க" என்றேன். "மூணு ஒப்பந்தமா எல்லாம் பொய். ஒத்திகைக்கு மட்டும்தான் மேல வருவேன். இந்த நேரத்துல கடல் எந்த நிறத்துல இருக்கும்னு இப்பதான் பாக்கிறேன்."

அவர் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். கோபம் வந்தால் அவருக்குக் காது சிவக்கும். சிவந்தது.

"நீ காத்து வாங்கிட்டுத் தூங்குறேன்னு நெனச்சுத்தானே நான் அங்க தூங்கினேன்? மூணு வருஷம் தூங்கியிருக்கேன். அந்தத் தூக்கத்தை இப்ப யாருகிட்டக் கொண்டு போய்த் திருப்பிக் குடுக்கிறது?"

என் மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது. அழுதால் இன்னும் கேவலம் என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"உக்காரு" என்றார்.

"நாற்காலியில உக்காரக்கூடாதுங்க."

"தரையில?"

யோசித்தேன். "தரையைப் பத்தி எழுதல."

மரத்தளத்தில் சாய்ந்து உட்கார்ந்தோம். பகல் வெயில் பலகையில் இன்னும் மிச்சம் இருந்தது. ஒரு அதிகாரி கடந்து போனார். என் பட்டையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், எந்த விதி என்று தேடிப் பார்த்துக் கிடைக்காமல் போய்விட்டார். என் கணவர் எங்கள் மகளைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். கணக்கு வாத்தியாரை அவள் எதிர்த்துப் பேசியதோ என்னவோ. வார்த்தைகள் தூரத்தில் போயின, பியானோவும் அவர் குரலும் ஒன்றாகக் கலந்தன. அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

அவர் என் தோளைத் தட்டியபோது ஏழாக ஐந்து நிமிடம். வானத்தில் சிவப்பு போய்க் கருநீலம் வந்திருந்தது. எட்டு மாதத்துக்குக் கிடைத்த ஒரே மாலையை முழுசாகத் தூங்கித் தீர்த்திருந்தேன்.

"ஏன் எழுப்பல? ஒண்ணுமே பேசலையே!" என்று பதறினேன்.

அவர் என் சட்டைப்பையிலிருந்த மேல்தளச் சீட்டை எடுத்து, இரண்டு கையாலும் தன் நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தார், போகிற வருகிறவர்கள் படிக்கிற மாதிரி. கை மரத்துப் போயிருக்க வேண்டும், மடக்கவே கஷ்டப்பட்டார். "ஓடு, நேரமாச்சு" என்றார். அவ்வளவுதான்.

அன்று எனக்கு இரவு முறை, எட்டரைக்கு வேலை. மேஜைக்குப் போகுமுன் சுவர் போனை எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"என்ன பண்ற?"

மூன்று வருஷமாக இந்தக் கேள்விக்கு என்னிடம் தயார் பதில் ஒன்று உண்டு. வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"கீழ இருக்கேன். எதிர்ல இருநூறு சட்டை குவிஞ்சு கிடக்கு. ரொம்பப் புழுக்கமா இருக்குங்க. காலு ரெண்டும் விண்ணு விண்ணுன்னு வலிக்குது."

மறுமுனையில் கட்டில் கிரீச்சிட்டது. அவர் எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

"ம்" என்றார். "எந்தக் காலு அதிகமா வலிக்குது? சொல்லு."