துடுப்பைப் பற்றிக் கேட்க ஓர் ஆள்

பிள்ளைச்சாவடி மீனவர் ஒருவரிடம் வாங்கிய பழைய துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு பலராமன் பேருந்தில் ஏறினார். நடத்துநர் அதை ஏற இறங்கப் பார்த்தார். அதென்ன என்று கேட்பாரென்று பலராமன் காத்திருந்தார். “லக்கேஜுக்கு ஒரு டிக்கெட் எட்த்துக்க சார்,” என்று சொல்லிவிட்டு நடத்துநர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

பாகூர் அஞ்சலகத்தில் முப்பத்துநாலு வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர் பலராமன். இப்போது அவருடைய முகவரி அட்டையில் ‘சர்வதேச ஒப்பீட்டுத் தொன்மவியல் ஆய்வறிஞர்’ என்று இருந்தது. ஆயிரம் அட்டை அடித்ததில் தொள்ளாயிரத்துச் சொச்சம் பீரோவிலேயே இருந்தன.

ஆய்வு இதுதான். கிரேக்கக் கதையில் ஒடிசியஸ் என்றொரு ராஜா. பத்து வருஷம் ட்ராய் நகரத்தில் போர், பத்து வருஷம் கடலில் அலைச்சல் எல்லாம் முடிந்து வீடு திரும்பியும் அவன்மேல் கடல் தெய்வத்துக்கு இருந்த கோபம் தீரவில்லை. அவன் ஒரு துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு உள்நாட்டை நோக்கி நடக்க வேண்டும். கடலையே அறியாத ஒருவன் எதிரே வந்து, அதென்ன நெல் தூற்றுகிற பலகையா என்று கேட்கும் இடத்தில் அதை நட்டு, ஆடு மாடு பலி கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். அப்புறம் சுற்றம் சூழ முதுமை, நிம்மதியான சாவு. அந்த இடம் எது என்று வெள்ளைக்காரர்கள் கிரேக்க மலைகளில் தேடிக்கொண்டிருக்க, பலராமன் அது பாகூர்தான் என்று முடிவுகட்டிவிட்டார். அரிக்கமேட்டுக்கு யவனர் கப்பல் வந்ததல்லவா? அங்கிருந்து உள்ளே நடப்பவன் வேறெங்கே போய்ச் சேருவான்?

வில்லியனூர் வரலாற்றுப் பேரவையில் உறுப்பினர்கள் ஐந்து பேர், பட்டங்கள் பதினாலு. அதில் ஆறு பட்டங்களைத் தானே வைத்திருந்த செயலாளர் கலைவேந்தன், சில நாள் முன்பு பலராமனின் கட்டுரையைக் கையில் எடைபோட்டுப் பார்த்தார்.

“யவனருக்கும் உங்க ராஜாவுக்கும் நடுவுல ஆயிரம் வருஷம் இடிக்குதே ஐயா?”

“புராணத்துல ஆயிரம் வருஷமெல்லாம் ஒரு விஷயமாங்க?”

தன் பரம்பரையைப் பல்லவர் காலம்வரை கொண்டுபோய் நிறுத்தியிருந்த கலைவேந்தனால் அதை மறுக்க முடியவில்லை. “சரி, கள ஆதாரம் கொண்டாங்க. ஒருத்தராவது துடுப்பப் பாத்து இன்னான்னு தெரியாம கேக்கணும். ஞாயித்துக்கெழம பத்து நிமிஷம் மேடை தரேன்.”

பத்து நிமிஷம். எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து போகாத பத்து நிமிஷம்! மகளின் பிரசவத்துக்கென்று பிரான்சுக்குப் போன மனைவி சாரதா மூன்று வருஷமாகியும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் பலராமனுக்குப் பதில் சொல்வது குக்கர் மட்டும்தான்.

அரியாங்குப்பத்தில் பேருந்தை விட்டு இறங்கி, அரிக்கமேட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நடந்தார். வழிநெடுக எவரும் கேட்கவில்லை. ஒரு பெண் ஒதுங்கி வழிவிட்டாள். ஒருவன் வண்டியை நிறுத்தி செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனான். பாகூர் ஏரிக்கரை டீக்கடைமுன் நின்று, துடுப்பை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மூன்று தடவை மாற்றினார். பெஞ்சில் இருந்த உள்ளூர்க்காரர் ஆதிமூலம் பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார். பேப்பருக்குப் பின்னாலிருந்து, பக்கத்து ஆளுக்குச் சொன்னது தெளிவாகவே கேட்டது.

“வாயத் தொறந்து கேட்டுகீட்டுத் தொலைக்காதடா. கேட்டா ட்ராய் நகரத்துலேர்ந்து ஆரம்பிப்பாரு. போன வாரம் எனக்கு டீயே ஆறிப்போச்சு.”

பலராமன் டீ குடிக்காமல் நடந்தார். அந்த ராஜா கொடுத்துவைத்தவன் என்று பட்டது. அவன் போன ஊரில் அவனை யாருக்கும் தெரியாது.

வெயில் தாழ்ந்த நேரத்தில், கரும்புக் கொல்லை ஓரமாக ஆட்டை இழுத்துக்கொண்டு வந்த ஓர் அம்மாள் நின்றாள்.

“இன்னா சார், வெல்லம் காய்ச்சவா? கொப்பரையில கிண்டற கட்டைதான அது? யாரு கொல்லையில காய்ச்சறாங்க?”

பலராமன் துடுப்பைத் தோளிலிருந்து இறக்கினார். நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். “பேரு சொல்லும்மா.”

“கனகாம்பாள். எதுக்கு, ரேசன் கார்டுக்கா?”

“ஊரு?”

“செங்கம் பக்கம். பொண்ணு பிரசவத்துக்கு வந்தேன். புள்ளைக்கு இப்ப பல்லே மொளைச்சிடுச்சி.”

“கடல் பாத்துக்கீறியா?”

“டிவில பாத்ததுதான்.”

இதைவிட உத்தமமான சாட்சி எந்த ஆய்வறிஞருக்கும் வாய்த்திருக்காது. பேனா விறுவிறுவென்று ஓடி, எதற்காகவோ நின்றது. “அங்க வூட்ல யாரு கீறாங்க?”

“அந்த மனுசன் ஒண்டியா கெடக்கறாரு. வா வான்னுதான் கீறாரு.”

“போவலாமில்ல?”

“போயி?” அவள் சிரித்தாள். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. “பேசியே கொன்னுடுவாரு சார்.”

ட்ராய் நகரம் பலராமனின் நாக்கு நுனிவரை வந்திருந்தது. அதை விழுங்கினார். “ஆமாம்மா,” என்றார். “வெல்லம் காய்ச்சத்தான்.”

“அப்ப அத இப்படி வரப்புல குத்தி வையேன். ஆட்ட அதுல கட்டிட்டு, ரெண்டு கை புல்லு அறுத்துனு வந்துட்றேன். செத்த பாத்துக்க.”

குத்தி வைத்தார். அவள் ஆட்டைக் கட்டிவிட்டுக் கரும்புக்குள் போய்விட்டாள். துடுப்பு நட்டாயிற்று, ஆடும் வந்தாயிற்று. கதைப்படி பாக்கி ஒன்றுதான், வீட்டுக்குப் போவது. பலராமன் வரப்பில் உட்கார்ந்தார். உள்ளே எங்கேயோ அரிவாள் கரகரத்தது. ஆடு அவரை ஒருமுறை பார்த்தது. பிறகு துடுப்பை முகர்ந்து, அதில் ஊறிக் கிடந்த உப்பை நிதானமாக நக்க ஆரம்பித்தது.