மாப்பிள்ளைக்குப் போட்ட வெள்ளைக் கிம்ச்சி

மான்சிக்கின் வயிற்றில் புண் இருப்பது நாஜு ஊரில் அவருக்கும் அவர் மனைவி ஓக்சிம்முக்கும் மட்டுமே தெரியும். ஆறு மாதத்துக்கு மிளகாய் வாசனையே ஆகாது என்று டாக்டர் சொன்னதும் மனிதர் இடிந்துபோனார். புண்ணை நினைத்து அல்ல, ஊருக்குத் தெரிந்தால் மானம் போய்விடுமே என்று. பச்சை மிளகாயை மிளகாய் விழுதில் தோய்த்துக் கடிப்பதைத் தவிர வேறு எந்தச் சாதனையையும் அவர் வாழ்நாளில் செய்ததில்லை. இருந்த ஒரே பெருமையும் போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

போதாக்குறைக்கு மருமகன் கியுசாங் விவகாரம் வேறு. போன வருஷம் கிம்ஜாங் நாளில், குளிர்காலத்துக்கு வேண்டிய கிம்ச்சியை, மிளகாய் விழுது தடவிய கோஸ் ஊறுகாயை, குடும்பமே கூடிப் போட்டபோது, புது மாப்பிள்ளைக்குக் காரம் தாங்காமல் கண்ணில் நீர் வந்துவிட்டது. அன்றிலிருந்து மாமனார் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "என்ன வெள்ளைக் கிம்ச்சி, சௌக்கியமா?" என்றுதான் போனிலும் விசாரிப்பார். மிளகாயே சேர்க்காத வெள்ளைக் கிம்ச்சி நோயாளிக்கும் குழந்தைக்கும்தான் என்பது அவர் கட்சி.

இந்த வருஷம் அதே வெள்ளைக் கிம்ச்சியை ஒரு பெரிய டப்பா நிறையப் போடச் சொல்லி மனைவியிடம் கெஞ்சினார். யாராவது கேட்டால் மாப்பிள்ளைக்கு என்று சொல்லிவிடு என்றும் ஓதி வைத்தார்.

ஓக்சிம் அருமையாகத்தான் போட்டாள். உப்பில் ஊறித் துவண்ட கோஸ் இதழ்களுக்கு நடுவே முள்ளங்கி, பேரிக்காய், இலந்தை எல்லாவற்றையும் மெல்லிசாக அரிந்து வைத்தாள். தண்ணீர் கலங்கக் கூடாதே என்று இஞ்சியையும் பூண்டையும் துணியில் முடிந்து போட்டாள். பேரிக்காய்ச் சாறு கலந்த உப்புத் தண்ணீரை மேலே ஊற்றினாள். மான்சிக் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் டப்பாவை எட்டிப் பார்த்து எச்சில் விழுங்கினார். மாப்பிள்ளை கொடுத்து வைத்தவன் என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டார்.

கூடத்து விரிப்பில் அவருடைய அக்கா புன்சூன் முழங்கை வரை மிளகாய் விழுதோடு உட்கார்ந்திருந்தாள். கிம்ச்சி போடுகிறவள் ஓர் இதழில் விழுதைச் சுருட்டித் தன் கையாலேயே நீட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும். மறுத்தால் அவள் கைப்பக்குவத்தையே பழித்த மாதிரி. புன்சூன் தம்பியின் வாய்க்கு நேராக நீட்டினாள். அவர் பல்வலி என்றார். எந்தப் பல் என்று கேட்டாள். இடது கன்னத்தைத் தொட்டார், யோசித்து வலது கன்னத்தையும் தொட்டார். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

மாமனாருக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருப்பதைக் கியுசாங் கவனித்தான். எழுந்து வந்தான்.

"எனக்குக் குடுங்க பெரியம்மா. போன வருஷம் விட்டத இந்த வருஷம் புடிச்சிக்கிறேன்."

வாங்கி மென்றான். முகம் சிவந்து கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. மாமனார் தப்பித்தார். தப்பித்த மனிதர் சும்மா இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

"பாத்தீங்களா, இன்னும் அழுவுது நம்ம வெள்ளைக் கிம்ச்சி" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார்.

ஓக்சிம்முக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சாயங்காலம் மகளும் மருமகனும் கிளம்பும்போது டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து கார் பின்சீட்டில் வைத்தாள்.

"மாமாதான் உங்களுக்குன்னு ஆசையா போடச் சொன்னாரு மாப்ளே. ஒரு துண்டு மிச்சம் வைக்காம எடுத்துட்டுப் போங்க."

மான்சிக் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாதியாவது இங்கே இருக்கட்டுமே என்று முனகினார். இங்கே யாருக்கு என்று அக்கா கேட்டாள். பதில் தொண்டை வரைக்கும் வந்தது. மிளகாய் வீரர் அதை விழுங்கிவிட்டுக் கதவைச் சாத்தினார். கார் போய்விட்டது.

அன்று புன்சூன் அங்கேயே தங்கினாள். சாப்பாட்டு மேசையில் எங்கு பார்த்தாலும் சிவப்புதான். மான்சிக்குக்குப் பசி காதை அடைத்தது. வெறும் சோற்றைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தார். ஓக்சிம் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டு வந்தாள். கிம்ச்சித் துண்டு ஒன்றை அதில் முக்கி, மிளகாயெல்லாம் போக அலசினாள். ரெண்டு வயசுப் பிள்ளைக்குத்தான் அப்படி அலசிக் கொடுப்பார்கள். கிண்ணத்துத் தண்ணீர் சிவந்தது. புன்சூன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

ஓக்சிம் வெளுத்த துண்டைக் குச்சியால் எடுத்துப் புருஷனின் வாயருகே கொண்டுபோனாள்.

"ஆ காட்டுங்க."

மான்சிக் அக்காவைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.