இடது கண் துடிப்பு

செஞ்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால் தையல்கடை வைத்திருந்த தோமினிக்கின் மேல் அவர் மனைவி ஞானத்துக்குச் சந்தேகம் விழுந்தது, அறுபத்தாறாம் வருடம் தவக்காலத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, பூசை நேரத்தில்.

கோயிலில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். நடுவில் இரண்டு பேர் நடக்கிற அளவுக்கு வழி. தோமினிக் வழியோரமாக உட்கார்ந்திருந்தார். பிரசங்கத்தின் நடுவே ஞானம் தற்செயலாகத் திரும்பியபோது அவருடைய இடது கண் சிமிட்டியது. ஒரு தடவை இல்லை, ஏழெட்டுத் தடவை. வாயின் இடது ஓரமும் சிரிப்பதுபோல் மேலே இழுத்துக்கொண்டது. அந்தக் கண் போன திக்கில் யார் என்று பார்த்தாள். அரசாங்க ஆஸ்பத்திரி நர்ஸ் லில்லி. இன்னும் கல்யாணம் ஆகாதவள். அவளும் தலையைக் குனியாமல் தோமினிக்கையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூசை முடிந்ததும் லில்லி அவரிடம் வந்து தணிந்த குரலில் ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டினார். ஞானம் வருவதைக் கண்டதும் பேச்சு நின்றது.

"இன்னா சொல்றா?"

"ஒண்ணுமில்ல. ரவிக்க எப்ப ரெடியாவும்னு கேட்டா."

லில்லி துணி எதுவும் கொடுக்கவில்லை என்பது ஞானத்துக்குத் தெரியும். கடைத் துணிக்கெல்லாம் காஜா எடுப்பதும் கொக்கி தைப்பதும் ஞானம்தானே.

அன்று முதல் அவள் கண் தோமினிக்கை விட்டு நகரவில்லை. வாயைத் திறந்து கேட்கவும் இல்லை. கேட்டால் எச்சரிக்கையாகிவிடுவார். செவ்வாயும் வெள்ளியும் பதினோரு மணிக்குக் கடையைப் பூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரித் தெருப்பக்கம் போகிறார் என்று கண்டுபிடித்தாள். டீ டம்ளர் இடது கையிலிருந்து நழுவி விழுந்தது. எண்ணம் இங்கே இருந்தால்தானே கையில் பிடி இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். விடிந்து எழுந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். திருட்டுச் சாராயமோ என்று பக்கத்தில் போய் முகர்ந்து பார்த்தாள். வாடையே இல்லை. தைத்த சட்டைகளில் இடது கை மட்டும் கோணிப்போய், இரண்டு பேர் கொண்டுவந்து வீசிவிட்டுப் போனார்கள். ஒரு நாள் வெறும் சுவரைப் பார்த்தபடி இருந்தவருக்குக் கண் சிமிட்டியது. சுவரைப் பார்த்தும் கண்ணடிக்கிற அளவுக்கு லில்லி நினைப்பு ஏறிவிட்டது என்று ஞானத்தின் வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலோடுதான் அனந்தபுரம் சந்தைக்குப் போனாள். அங்கே ரத்தினம்மாள் எதிர்ப்பட்டாள். அவள் மகனுக்குத்தான் லில்லியைப் பேசி முடித்திருந்தார்கள். ஈஸ்டர் கழித்து, மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை வாசிப்பதாக ஏற்பாடு.

"நல்லா விசாரிச்சியாக்கா?" என்றாள் ஞானம். "ஆஸ்பத்திரிக்கு நோயாளிங்க மட்டும் போவல. ஊட்டுக்காரன் இருக்கறவளுங்க வயித்தெரிச்சல கொட்டிக்கறா அவ."

பத்து நாளில் சம்பந்தம் முறிந்த சேதி கோயில் வாசலுக்கு வந்தது. ஞானத்துக்கு மோர் குடித்தாற்போல் இருந்தது.

ஆனால் தோமினிக் ஆஸ்பத்திரிக்குப் போவது நிற்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவர் பின்னாலேயே போனாள். வெளிக்கதவு திறந்திருந்தது. உள்அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. இடுக்கு வழியே பார்த்தால், லில்லி இரண்டு கையாலும் அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"எடுடி கைய!" என்று கத்திக்கொண்டே கதவைத் தள்ளினாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் டாக்டர் ராஜாராம் குனிந்திருந்தார். கையில் ஒரு சின்ன விளக்குக் கருவி. அதை வைத்துத் தோமினிக்கின் கண்ணுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். தலை ஆடாமல் இருக்க லில்லி பிடித்திருந்தாள்.

"யாரும்மா நீ?"

"இவரு பொண்டாட்டி."

"நல்ல வேளையா வந்த. உக்காரு. நாலு வாரமா தலவலிக்கு மாத்திர குடுங்கன்னு மட்டும் கேக்கறாரு. வேற எதையும் சொல்ல மாட்டேங்கறாரு. கண்ணு துடிக்கறத நீ பாத்திருக்கியா?"

ஞானம் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"பாத்தேங்க. பதினோரு தடவ."

டாக்டர் நிமிர்ந்தார். "எண்ணினியா?"

அவள் எண்ணியிருந்தாள். நாள், கிழமை, நேரம் எல்லாம் மனதில் இருந்தது. எதற்காக எண்ணினாள் என்பதை மட்டும் விட்டுவிட்டு, ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதலில் இடது கட்டைவிரல் வெட்டி வெட்டி இழுக்கும், அப்புறம் வாய் இழுக்கும், கடைசியில் கண். டம்ளர் நழுவியது, சட்டைக்கை கோணியது, காலை வாந்தி. டாக்டர் தாளின் இரண்டு பக்கமும் எழுதினார்.

"காதுல சீழ் வந்ததுண்டா?"

"இல்லீங்க."

"காய்ச்சல்?"

"சாயங்காலத்துல லேசா உடம்பு சுடும். கையி பட்டா தெரியும்."

"குடும்பத்துல யாருக்காச்சும் இருமல் நோய்?"

"இவரப் பெத்த நைனா ரத்தம் கக்கிதாங்க செத்துப்போனாரு. இவருதான் கூடவே இருந்து பாத்தாரு."

டாக்டர் தோமினிக் பக்கம் திரும்பினார். "இத ஏன்யா சொல்லல?"

"நீங்க தலவலியத்தான சார் கேட்டீங்க."

டாக்டர் கருவியைப் பெட்டியில் வைத்தார். "கண்ணுக்குள்ள நரம்பு வீங்கியிருக்குதும்மா. மூளைல வலது பக்கம் ஏதோ அமுக்குது. கட்டியா இருக்கலாம், சீழ் கோத்திருக்கலாம், டிபி முடிச்சாவும் இருக்கலாம். இங்க வச்சிச் சொல்ல முடியாது. நாளைக்கே மெட்ராஸ் போங்க. நான் கடிதாசி தரேன்."

"எங்கிட்ட ஏன் மறைச்ச?" என்று ஞானம் புருஷனைக் கேட்டாள்.

"நீ பயந்துடுவன்னுதான்."

வெளியே வரும்போது லில்லி கூடவே வந்தாள். "கோயில்லயே எனக்குச் சந்தேகங்க்கா. அது வலிப்பு மாதிரி இருந்துது. அதான் வரச் சொன்னேன்."

ஞானம் அவள் முகத்தைப் பார்க்காமல் நடந்தாள். அனந்தபுரம் சந்தையில் சொன்ன பேச்சு நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது.

மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்றரை மாதம். கழுத்து ரத்தக்குழாயில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். கட்டி இருக்கிற இடம் தெரிந்தது, என்ன கட்டி என்பது தெரியவில்லை. புற்றாக இருந்தால் ஒரு வருடம் தாங்குவது கஷ்டம் என்றார்கள். தலையைத் திறந்து கொட்டைப்பாக்கு அளவு எடுத்துச் சோதித்தபோது டிபி முடிச்சு என்று தெரிந்தது. மருந்துக்குக் கட்டுப்படும். ஒன்றரை வருடம் மாத்திரை, முதல் மூன்று மாதம் தினம் ஊசி. ஊரிலேயே போட்டுக்கொள்ளலாம்.

ஊரில் ஊசி போடுகிறவள் லில்லி.

முதல் நாளே ஞானம் தோமினிக்கை வெளியே அனுப்பிவிட்டு அவள் முன் நின்றாள். "லில்லி, உன் கல்யாணம்..."

"தெரியும்க்கா." லில்லி கொதிக்கும் தண்ணீரிலிருந்து ஊசிக்குழலை இடுக்கியால் எடுத்தாள். "சம்பந்தம் வேணான்னு சொல்ல வந்தப்பவே உங்க பேரையும் சொல்லிட்டாங்க."

"அப்பன்னா அந்த வெள்ளிக்கெழம..."

"அதுக்கு முன்னாடியே தெரியும்."

"தெரிஞ்சுமா அவருக்கு..."

"நோயி அவருக்குத்தான வந்துது."

மறுநாள் ஞானம் அனந்தபுரத்துக்குப் பஸ் ஏறினாள். ரத்தினம்மாள் வாசலில் நெல்லைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "நான் சொன்னது பொய்யிக்கா. அந்தப் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல."

ரத்தினம்மாள் நிமிரவில்லை. "வேற பொண்ணு பாத்து ரெண்டு ஓல வாசிச்சாச்சு. வெய்யில்ல நிக்காத, போ."

ஞானம் திரும்பி வந்து அதை அப்படியே லில்லியிடம் சொன்னாள். லில்லி கேட்டுக்கொண்டாள். அவள் கண் கலங்கியதா இல்லையா என்று ஞானத்துக்குத் தெரியவில்லை. திரும்பி நின்று மருந்துப்பொடியில் தண்ணீர் விட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதமும் ஞானம் ஒரு நாள் தவறாமல் கூட வந்தாள். லில்லி அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தோமினிக்கிடம் மட்டும் சாப்பாடு, தூக்கம் விசாரித்தாள். அவரும் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னார்.

"லில்லி கைக்கு வலியே தெரியல" என்றார் ஒரு நாள், ஊசியை உருவியதும்.

ஞானத்தின் வயிற்றில் அந்தப் பழைய நெருப்பு சுரீரென்று ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டாள். லில்லி நீட்டிய பஞ்சை வாங்கி, ஊசி போட்ட இடத்தில் வைத்து அழுத்தித் தேய்த்தாள்.

"மெதுவா" என்றார் தோமினிக்.