யாரும் போடாத வெட்டுகள்

காசிமேட்டு வெற்றியின் முகத்திலும் உடம்பிலும் இருக்கும் வெட்டுத் தழும்புகளில் ஒன்றைக்கூட எந்தக் கத்தியும் போடவில்லை. எல்லாம் அடுத்தவர்கள் அவனைப் பற்றி நினைத்ததால் விழுந்தவை. முதல் தழும்பு சுனாமிக்கு மறு வருடம், அவனுக்கு ஒன்பது வயது நடக்கும்போது வந்தது. விசைப்படகு ஓட்டும் அவன் அப்பா ரகுபதி, தீபாவளிக்குத் துணி எடுக்க அவனைத் தி.நகருக்குக் கூட்டிப் போயிருந்தார். கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், பையன் லட்சணமாக இருக்கிறானே என்று கன்னத்தைக் கிள்ளி, வீடு எங்கே என்று கேட்டார். காசிமேடு என்றான். அந்த அம்மாள் கிள்ளிய கையை எடுத்து, கீழே வைத்திருந்த கைப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தபோது இடது புருவம் இரண்டாகப் பிரிந்து, ஆறிப்போன பழைய வெட்டு மாதிரி ஒரு வெள்ளைக் கோடு ஓடியிருந்தது.

"யார்ரா கீசினது?" என்றாள் மீன் விற்கும் அவன் அம்மா நீலா.

"யாரும் கீசல மா. ஒரு அம்மா பாத்துச்சு. வந்துச்சு."

"நோவுதா?"

"இல்ல. அரிக்குது."

எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. கரையோரத் தெருக்களில் ஒன்றிரண்டு கோடு இல்லாத ஆம்பிளை கிடையாது. இதில் ஒரு விசேஷம், போட்டவருக்குப் போட்டது தெரியாது. தழும்பு விழுந்த நொடியிலேயே அது முன்பே அங்கே இருந்ததாக அவருக்குத் தோன்றிவிடும். பார்த்தவுடன் ஆளைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று தன்னையே மெச்சிக்கொண்டு போவார். அதனால் எங்கள் ஆட்கள் வெளியே போனால் ராயபுரம் என்பார்கள், பீச் ஸ்டேஷன் பக்கம் என்பார்கள், மழுப்புவார்கள். வெற்றிக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை. ரகுபதி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "இருக்குற வூட்ட இல்லன்னு சொல்ல சொல்றியா நைனா?" என்று கேட்டான். அவனுக்குத்தான் முகம் நிறைந்துபோனது.

அரசு ஆஸ்பத்திரித் தோல் டாக்டர் எந்தச் சண்டையில் வாங்கியது என்று கேட்டுக்கொண்டே சீட்டு எழுதினார். ஒரு தழும்புக்கு மருந்து வாங்கப் போனவன் இரண்டோடு திரும்பினான். வண்டியை மடக்கி லைசென்ஸ் கேட்ட போலீஸ்காரர்கள் கன்னத்தில் மாறிமாறிப் போட்டார்கள். எஞ்சினுக்கு டிப்ளமோ படித்து முடித்துக் கிண்டியில் ஒரு கம்பெனி நேர்முகத்துக்குப் போனான். கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னான். கடைசியில் விலாசத்தைப் படித்த மேனேஜர், "அந்தப் பக்கமா? பயமா இருக்காதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். காதடியிலிருந்து தாடை வரை ஒன்று விழுந்தது. முகத்தைப் பார்த்தாலே தெரிகிறதே, இவனை யார் உள்ளே விட்டது என்று மேனேஜர் வாட்ச்மேனைத் திட்டினாராம். படித்த மனுஷர்தான். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருந்தார்.

கெட்டவர்கள் போட்டதைவிட நல்லவர்கள் போட்டதுதான் ஆழம். இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கல்மண்டபத்தில் கயிறு, வலை, மிதவை, எஞ்சின் சாமான் எல்லாம் மொத்தமாக விற்கும் வேதமாணிக்கம் அண்ணாச்சி தெற்கே நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்தவர். தினமும் ஜெபம் செய்துவிட்டுத்தான் கடையைத் திறப்பார், பொய் எடை போடமாட்டார். யாரும் வேலை தராத வெற்றிக்கு அவர்தான் தந்தார். ஆனால் ஒரு ரவுடியைத் திருத்தி வேலைக்கு வைத்திருக்கிறோம் என்பது அவருடைய நம்பிக்கை. அதை அவரிடமிருந்து யாராலும் பிடுங்க முடியவில்லை. கடை அடைக்கும் நேரத்தில் தோளில் கை போட்டு, "ஏல வெற்றி, எத்தனை பேர வெட்டியிருந்தாலும் மனசு விட்டுச் சொல்லிருல. கர்த்தர் மன்னிச்சிருவாரு" என்பார். "நா யாரையும் வெட்டல அண்ணாச்சி" என்பான் இவன். "அப்படித்தாம்ல ஆரம்பத்துல எல்லாரும் சொல்லுவாவ" என்று கண் கலங்குவார். முதுகில் தோளிலிருந்து இடுப்பு வரை இறங்கும் பெரிய தழும்பு அண்ணாச்சியின் அன்பில் விழுந்தது. ஒருமுறை ஜெபக் கூட்டத்தில் மேடையேற்றி, பழைய வாழ்க்கையைப் பற்றிச் சாட்சி சொல்லச் சொன்னார். பழைய வாழ்க்கை என்று ஒன்று இல்லை, படித்தேன், வேலை தேடினேன் என்றான் வெற்றி. கூட்டம் அவனுக்காக உருகி அழுதது. கீழே இறங்கும்போது மார்பு முழுக்கக் கோடு. அண்ணாச்சி மறுநாளே கழுத்து மூடிய சட்டை இரண்டு எடுத்துக் கொடுத்தார்.

அப்புறம் சினிமாக்காரர்கள் வந்தார்கள். எங்கள் மக்களின் கதையை முதன்முதலாக உண்மையாகச் சொல்லப்போகிறோம் என்றார்கள். டைரக்டர் வெற்றியின் முகத்தைக் கையில் ஏந்திப் பார்த்து, இதற்கு மேக்கப்பே வேண்டாம் என்று சந்தோஷப்பட்டார். வில்லனுக்குப் பின்னால் கத்தியோடு நிற்கவேண்டும், ஒரே ஒரு வசனம், அதுவும் கெட்ட வார்த்தை. எஞ்சின் ரிப்பேர் பண்ணுகிற மாதிரி ஏதாவது வேஷம் இருக்கா என்று வெற்றி கேட்டான். அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். படம் வேறு ஆட்களை வைத்து வெளியாகி எல்லா ஊரிலும் ஓடியது. அந்த வாரம் காசிமேட்டில் முகம் மழிக்க உட்கார்ந்த ஆம்பிளைகள் பாதியில் எழுந்து வந்தார்கள், பிளேடு போக வழியில்லை. தொட்டிலில் கிடந்த பிள்ளைகளுக்கும் தாடையில் ஒரு கோடு விழுந்திருந்தது. தாய்மார்கள் மை தடவி மறைத்தார்கள். படத்துக்கு நல்ல பெயர் கிடைத்தது.

கடைக்கு வருகிற வெளியூர் வியாபாரிகள் பயப்படுகிறார்கள் என்று அண்ணாச்சி அவனைக் குடோனுக்குள் இருக்கச் சொன்னார். வெற்றி வேலையை விட்டுவிட்டு அப்பாவின் படகிலேயே எஞ்சின் பார்க்கப் போனான். மீனுக்கு அவனைப் பற்றி அபிப்பிராயம் எதுவும் கிடையாது. கடலில் இருந்த நாட்களில் அவன் மேல் புதிதாக ஒரு கோடுகூட விழவில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம் திருவொற்றியூரில் ஒரு பழைய இரும்பு வியாபாரியை அவர் குடோனிலேயே யாரோ வெட்டிக் கொன்றுவிட்டார்கள். அன்று வெற்றி நடுக்கடலில் இருந்தான். படகு இரண்டு நாள் கழித்துத்தான் கரைக்கு வந்தது. மீனை இறக்கிக்கொண்டிருந்தவனை ஐஸ் ஈரம் காயாத கையோடு இழுத்துப் போனார்கள். இன்ஸ்பெக்டர் அவனை நாற்காலியில் உட்காரவைத்து, ஒவ்வொரு தழும்பாகத் தொட்டுத் தொட்டு, இது யார் போட்டது, இது யார் போட்டது என்று கேட்டார்.

"யாரும் போடல சார்."

"பின்ன, தானா வந்துதா?"

"ஆமா சார்."

அந்தத் திமிருக்கு அடி விழுந்தது. செத்தவர் சாவதற்கு முன் தன்னை வெட்டியவனின் வலது கையை ஆழமாகக் கீறியிருக்கிறார் என்று போலீஸுக்குத் தெரியும். சட்டையை மடக்கச் சொன்னார்கள். வெற்றியின் இடுப்புக்கு மேல் சுத்தமாக இருந்த இடம் அந்த ஒரு கைதான். இன்ஸ்பெக்டர் அதையே உற்றுப் பார்த்தார். அவருக்குச் சந்தேகம் துளியும் இல்லை. அவர் பார்க்கப் பார்க்க மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெட்டு இறங்கியது. "எழுதிக்கய்யா" என்றார் ஏட்டிடம்.

டிவியில் அவன் முகத்தைப் பெரிதாகப் போட்டு, தழும்புக்குத் தழும்பு சிவப்பு வட்டம் வரைந்து, நாலு பேர் உட்கார்ந்து விளக்கம் சொன்னார்கள். ஒருவர் இது வறுமை போட்டது என்றார், ஒருவர் வளர்ப்பு போட்டது என்றார். அந்த இரவில் அவன் இடுப்புக்குக் கீழும் இடம் இல்லாமல் போனது. வழக்கு நடந்தபோது படகில் கூடப் போன ஆட்கள் வரிசையாகச் சாட்சி சொன்னார்கள். படகு கடலுக்குப் போன அன்று வாங்கிய மீன்வளத்துறை டோக்கனைக் காட்டினார்கள். டோக்கன் என்ன, யார் வேண்டுமானாலும் வாங்கலாம், இவர்கள் ஒருத்தனுக்கு ஒருத்தன் பொய் சொல்கிற கூட்டம் என்றார் எதிர்வக்கீல். கோர்ட்டே தலையாட்டியது. கூண்டில் ஏறும்போது மூக்கு மொழுமொழுவென்று இருந்தவர்கள் மூக்குக்குக் குறுக்கே வெட்டோடு இறங்கினார்கள். கடைசியாக ரகுபதி ஏறினார். அறுபதை நெருங்கும் மனுஷன், அதுவரை ஒன்றிரண்டு கோட்டோடு சாமர்த்தியமாகத் தப்பித்தவர். என் பிள்ளை என் பக்கத்தில்தான் எஞ்சினைப் பார்த்துக்கொண்டு இருந்தான் என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் கழுத்தில் ஒரு கோடு விழுந்துவிட்டது. நீதிபதி அதைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

நீலா ஒரு காரியம் செய்து பார்த்தாள். கோர்ட் வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டரின் எதிரில் போய் நின்று, இவன் பொய்யன், இவன் பொய்யன் என்று உயிரைக் கொடுத்து நினைத்தாள். அவள் அவ்வளவு உறுதியாக எதையும் நம்பியதில்லை. இன்ஸ்பெக்டர் டீயைக் குடித்து முடித்து, கிளாஸைக் கொடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் ஒரு பரு கூட வரவில்லை. "நம்ம நெனப்பு மட்டும் ஏன்யா எவன் மேலயும் ஒட்ட மாட்டேங்குது?" என்று ரகுபதியிடம் கேட்டாள். அதைக் கேள்விப்பட்டு நாங்களும் செய்து பார்த்தோம். எண்ணூரில் ஆற்றில் நிலக்கரிச் சாம்பலைக் கரைத்துவிடும் கம்பெனி ஆட்களின் காரை மறித்து நின்று பார்த்தோம். ஓட்டு வாங்கிக்கொண்டு காணாமல் போனவர்களைப் பார்த்தோம். எல்லோரும் பவுடர் போட்ட மாதிரி பளபளவென்று போனார்கள். எங்கள் நம்பிக்கைக்கு அந்த வலு கிடையாது என்று தெரிந்துகொண்டோம்.

தீர்ப்பு வராமல் வழக்கு இழுத்துக்கொண்டே போனது. மாதக்கணக்கில் நீலா புழல் ஜெயிலுக்குப் போய்வந்தாள். ஏலக் கூடத்தில் அவளோடு மீன் எடுக்கும் பெண்களே, எதனா இருந்திருக்கும்மா, ஒன்னுமே இல்லாமயா போலீஸ் புடிக்கும் என்று ஆரம்பித்திருந்தார்கள். அவர்களோடு சண்டை போட்டு அன்னக்கூடையைத் தூக்கி அடித்திருக்கிறாள். வக்கீல், ஆத்திரத்தில் செய்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்றார். அவரையும் திட்டிவிட்டு வந்தாள். ஊர் முழுக்க ஒரு பக்கம் நின்றபோது இன்னொரு பக்கம் அவள் ஒருத்திதான் நின்றாள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு செவ்வாய்க்கிழமை, சரியாகத் தூங்கிப் பல நாள் ஆன அலுப்பில், கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்ற பிள்ளையின் வலது கையில் இறங்கியிருந்த வெட்டையே பார்த்துக்கொண்டு நின்றவள், குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"கண்ணு, அம்மாகிட்ட மட்டும் சொல்லு. நீ எதனா பண்ணியா?"

அவனுடைய இடது காலர் எலும்புக்குக் கீழே தோல் பிளந்தது. அதற்கு முன் விழுந்த எதுவும் ரத்தம் காட்டியதில்லை. இது காட்டியது. சட்டை நனைந்து வயிறு வரைக்கும் வந்தது. வெற்றி குனிந்து பார்த்தான்.

"இது நோவுது மா" என்றான்.

நீலா வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நான் நினைக்கவில்லை, வாய் தவறி வந்துவிட்டது, நீ பண்ணல, எனக்குத் தெரியும் என்று கத்தினாள். நேரம் முடிந்துவிட்டது என்று அவளை வெளியே அனுப்பினார்கள். அவள் நம்பிக்கைக்கு வலு இல்லை என்று நினைத்திருந்தோம். இருந்திருக்கிறது. இன்ஸ்பெக்டரின் மேல் ஒரு கீறல் போடத் துப்பில்லாத அது, பெற்ற பிள்ளையின் மேல் மட்டும் வேலை செய்தது. நல்லா இருக்கிறது இந்த நியாயம்! எவன் இதை இப்படி வகுத்து வைத்தானோ, அவன் மூஞ்சியில்தான் முதலில் ஒன்று போடவேண்டும்.

அடுத்த மாதம் வியாபாரியின் சொந்த மருமகன் செங்கல்பட்டு கோர்ட்டில் போய்ச் சரணடைந்தான். நல்ல குடும்பத்துப் பிள்ளை, உரித்த பூண்டு மாதிரி முகம். நான்தான் செய்தேன் என்றவனை யாரும் நம்பவில்லை. மனசு சரியில்லாமல் பேசுகிறான் என்று வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள். கத்தியைக் கொண்டுவந்து வைத்து, வலது கையில் தையல் போட்ட வெட்டைக் காட்டிய பிறகுதான் எழுதிக்கொண்டார்கள். வெற்றியின் தழும்பு ஒன்றிலும் தையல் போட்ட அடையாளம் இல்லை என்பதை அதுவரை ஒருவரும் கவனித்ததில்லை.

வெற்றி வெளியே வந்தான். மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை. இதில் இல்லாவிட்டால் இன்னொன்றில் மாட்டாமலா போவான் என்றாராம் இன்ஸ்பெக்டர். அவன் பிடரியில் ஒரு சின்னக் கோடு விழுந்தது. வேதமாணிக்கம் அண்ணாச்சி கேக் வாங்கிக்கொண்டு வந்து, எங்க ஜெபம் வீண்போகல, இனிமேலாவது ஒழுங்கா இருல என்று ஊட்டிவிட்டார். உதட்டில் ஒன்று. நாங்கள் அதையெல்லாம் கணக்கில் சேர்க்கவில்லை.

காலர் எலும்புக்குக் கீழே இருப்பது மட்டும் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் தைத்துப் பார்த்தார்கள், சாயங்காலத்துக்குள் பிரிந்துகொண்டது. அவன் இப்போது மறுபடியும் கடலுக்குப் போகிறான். வலை இழுக்கும்போது சட்டை நனைந்தால் பக்கத்தில் இருப்பவன் ஒரு துணியை எடுத்துக் கொடுப்பான், இழுப்பது நிற்காது. கரையில் இருக்கும் நாட்களில், விடிவதற்கு முன் நீலா பழைய கட்டைப் பிரித்து, வெந்நீரில் துடைத்து, மருந்து வைத்துப் புதுத் துணி சுற்றுகிறாள். தோளைச் சுற்றிக் கொண்டுவந்து முடிச்சுப் போட அவளுக்கு ஒரு கை போதாது. வெற்றி துணியின் மேல் ஒரு விரலை வைத்து அழுத்திக் கொடுக்கிறான். அவள் முடிச்சை இறுக்கிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு ஏலத்துக்குப் போகிறாள்.