கலைமதி எழுந்து நின்றாள்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், இது என் சொந்தச் சரக்கு இல்லை. கீரனூரிலிருந்து திருச்சி போகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த ஆனந்தராஜ் சொன்னது. பள்ளிக்கூட வாத்தியார். வெளிநாட்டிலிருந்து ஊழியத்துக்கு வரும் கிறிஸ்தவ சபைக் குழுக்களுக்கு மொழிபெயர்க்கவும் போவார். சிரிக்கச் சிரிக்கச் சொன்னார், நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். திருச்சியில் இறங்கி டீ குடிக்கும்போதுதான், எதற்குச் சிரித்தோம் என்று குழம்பிப் போனேன். இன்னும் தெளியவில்லை.

2

நான் எழுதிப் பார்த்த தொடக்கம்: 'கீரமங்கலத்து மல்லிகைத் தோட்டங்களின் மணத்தைச் சுமந்தபடி அந்த வேன்...'

(ஏசி வேன். கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தார்கள். மணம் எந்த வழியாக வரும்?)

இன்னொன்று: 'விதியின் கொடுமையால் முடங்கிய பேதை கலைமதி...'

(பேதையாம். அவள் காதில் விழுந்தால் என்னை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாள்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். கலைமதிக்கு இருபத்திரண்டு வயது. நடக்க வராது, வீட்டுக்குள் கையை ஊன்றி நகர்வாள். கம்ப்யூட்டர் படித்திருக்கிறாள். மெயின் ரோட்டில் இ-சேவை மையம் வைத்திருக்கும் திருமுருகன், "திங்கக்கெழம வந்துரும்மா. தெனம் வந்து போறதுக்கு மட்டும் நீயே ஒரு வழி பண்ணிக்க" என்று சொல்லியிருந்தார். சனிக்கிழமை கனடாவிலிருந்து ஒரு சபையார் அவளுக்குச் சக்கர நாற்காலி கொண்டு வருகிறார்கள் என்று தெரிந்ததும், அவள் ஒரு வாரத்துக்கான சுடிதார்களை இஸ்திரி போட்டு அடுக்கிவிட்டாள்.

3

வந்தார்கள், ஆறு பேர். கூடவே மொழிபெயர்க்க ஆனந்தராஜ். நாற்காலியை வாசலில் இறக்கினார்கள். முதலில் ஜெபம், பிறகு அவளை உட்கார வைத்துப் படம் எடுப்பது என்று ஏற்பாடு. அம்மா செங்கமலத்துக்கு ஆட்சேபணை இல்லை. யார் சாமியாக இருந்தால் என்ன, கும்பிட்டால் நல்லது என்கிற கட்சி அவள். ஐந்து பேர் கண்ணை மூடிக்கொண்டு சத்தமாக ஜெபித்தார்கள். ஆறாவது ஆளான லிண்டா அம்மையாருக்கு எழுபது வயது. வாசலில் ஷூவைக் கழற்ற நேரமாகி, பாதி ஜெபத்தில் உள்ளே வந்தார்.

செங்கமலம் மகளைத் தட்டினாள். "பெரியவங்க வாராங்கல்ல, எந்திரி தாயி."

கலைமதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

(வயதில் மூத்தவர் யார் வந்தாலும் எழுந்திருப்பாள். தபால்காரருக்குக்கூட எழுந்து நின்றிருக்கிறாள். கம்பியைப் பிடித்தால் அரை நிமிடம் நிற்க முடியும், அவ்வளவுதான். தெருவுக்கே தெரியும்.)

கண் திறந்தவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் பார்த்தது இதுதான்: நடக்க முடியாதவள் என்று விண்ணப்பத்தில் அவர்கள் படித்திருந்த பெண் நிற்கிறாள். ஒருவர் மண்டி போட்டார், ஒருவர் போனை நீட்டினார். லிண்டா ஓடிவந்து அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆனந்தராஜ் மொழிபெயர்த்தார்: "இவங்க மகனும் சக்கர நாற்காலியிலதான் இருக்காராம். அவரும் எந்திரிப்பாருங்கிற நம்பிக்கை இப்பத்தான் வந்துச்சாம்."

செங்கமலம் மெல்லச் சொன்னாள். "சார், அவ எப்பவும் நிப்பா சார்."

அதை அவர் மொழிபெயர்க்கவில்லை.

குழுத் தலைவர் ஒரு யோசனை சொன்னார். இந்தப் பெண்ணுக்குத்தான் இனி நாற்காலி தேவையில்லையே, விராலிமலையில் இன்னொருவர் கேட்டிருக்கிறார், இதை அவருக்குக் கொடுத்துவிடலாம். நாற்காலியை மடித்து வேன் பக்கம் தூக்கிப் போனார்கள்.

4

இங்கேதான் எனக்குக் கை ஓடவில்லை. கலைமதி ஏன் வாயைத் திறக்கவில்லை? வாயில்லாப் பூச்சி இல்லை அவள். அவளுக்கு இங்கிலீஷும் வரும்: 'ப்ளீஸ், ஐ நீட்...' என்று தொடங்கினாலே போதும்.

'ஏனென்றால் அவளுடைய தாழ்வு மனப்பான்மை...'

(இல்லை. கதையில் வழி அடைத்துக்கொண்டால் நான் எழுதுகிற வாக்கியம் இது.)

அவளைப் பார்த்துப் பரிதாபத்தில் அழுதவர்கள் ஏராளம். சந்தோஷத்தில் அழுதவர் லிண்டா ஒருவர்தான். அதைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை என்று நினைக்கிறேன். நினைக்கிறேன், அவ்வளவுதான். எனக்கே அவள்மேல் கோபம் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

5

ஆனந்தராஜ் சொன்ன முடிவு: வேன் போய்விட்டது. இந்த இடத்தில்தான் நான் சிரித்தேன்.

என் முதல் முடிவு: ஆனந்தராஜ் உண்மையைச் சொல்கிறார், நாற்காலி திரும்பி வருகிறது. அப்படியானால் விராலிமலையில் காத்திருப்பவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

(அவருக்கு இப்போதுதான் நாற்காலி கிடைக்கும் என்று தெரிந்தது. அதற்குள் பிடுங்குகிறேன்.)

இரண்டாவது: கலைமதி உட்கார்ந்துவிடுகிறாள். சும்மா, கால் வலித்து. யாரும் பொய் சொல்லவும் வேண்டாம், உண்மை சொல்லவும் வேண்டாம். ஆனால் லிண்டாவின் முகம் மாறுவதை எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். என்னால் முடியவில்லை.

6

ஆகவே வேனை நான் கிளப்பவில்லை. நாற்காலி பாதி ஏறியிருக்கிறது. லிண்டா இன்னும் அவள் கன்னத்திலிருந்து கையை எடுக்கவில்லை. செங்கமலம் ஆனந்தராஜைப் பார்க்கிறாள், ஆனந்தராஜ் தரையைப் பார்க்கிறார்.

முடிவை உங்களிடம் கொடுத்துவிடுகிறேன், எது சரியென்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் சாவகாசமாக யோசிக்காதீர்கள். நீங்களும் நானும் பேசிக்கொண்டிருந்த இவ்வளவு நேரமும் அவள் நின்றுகொண்டே இருக்கிறாள். முட்டி வெடவெடக்கிறது, கம்பியில் கை வழுக்குகிறது, வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தபடி இருக்கிறாள். பெரியவர்கள் யாராவது சொன்னால்தான் உட்காருவாள்.