தொடாத காப்பி

அரண்மனையிலிருந்து வந்த பெரிய அதிகாரி கோப்பையை வாங்கினார். உதட்டருகே கூடக் கொண்டுபோகாமல் விரிப்பின் ஓரத்தில் வைத்துவிட்டார். கூட வந்திருந்த எங்கள் ஊர்க் குலத்தலைவர்கள், இரண்டு ஷேக்குகளும், அப்படியே வைத்தார்கள். நான் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். போச்சு, என் வீட்டுக்காரர் மாட்டிக்கொண்டார்! ஏதோ கேட்டு வந்திருக்கிறார்கள், கிடைக்காமல் காப்பியைத் தொடமாட்டார்கள். விருந்தாளி குடிக்காமல் எழுந்து போய்விட்டால் தெற்கே எங்கள் ஊர் கரக்கிலிருந்து தலைநகர் அம்மான் வரை அந்த வீட்டுக்காரன் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

என் வீட்டுக்காரர் ராதிப் பாஷா கெட்டிக்காரர்தான். துருக்கியர் காலத்தில் தந்தி ஆபீசில் எழுத்தராகச் சேர்ந்து, வட்டார அதிகாரியாகி, மந்திரியாகி, பல மந்திரிசபைகளைப் பார்த்துவிட்டார். சபை கவிழ்ந்தால்தான் மனுஷன் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவார். அதனால் அரசாங்கம் கவிழ்வதில் எனக்கு ஒருநாளும் வருத்தம் இருந்ததில்லை. இந்த முறை அவராகவே ராஜினாமா செய்துவிட்டு வந்தார். மன்னருக்கு எதிராகச் சதி செய்தார்கள் என்று சில இளம் ராணுவ அதிகாரிகளுக்கு ராணுவ நீதிமன்றம் தூக்கு என்று சொல்லியிருந்தது. மந்திரிசபை ஒப்புதல் தர வேண்டும். அவர்களில் ஒருவன் ஹாஸிம், என் அக்கா ஷம்ஸாவின் பிள்ளை. எங்கள் வீட்டில் தங்கிப் படித்தவன், பாஷாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு முற்றமெல்லாம் திரிந்தவன். "என் கையால அது முடியாது, வஸ்ஃபியா" என்று அவர் சொன்னபோது, கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

இப்போது மன்னர் பிரதமர் பதவியைக் கொடுத்து ஆள் அனுப்பியிருக்கிறார். தூக்கு உத்தரவில் கரக்குக்காரர் ஒருவரே கையெழுத்துப் போட்டால் தெற்கே யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள், அவ்வளவுதான் விஷயம்.

"நீ நம்ம ஆளு, ராதிப். மன்னரே உன் வாசல்ல வந்து நிக்கிறதா நெனச்சுக்க" என்றார் மூத்த ஷேக்.

பிறகு என் வீட்டுக்காரரின் குரல் கேட்டது.

"குடிங்க. வந்த காரியம் ஆச்சு."

அவர்கள் போனதும் நேரே போய்க் கேட்டேன். "கோப்பை பெருசா, புள்ள பெருசா?"

"உள்ள இருந்தாத்தான்டி ஏதாவது செய்ய முடியும்."

"செய்வீங்களா?"

அவர் கறுப்பு டை எங்கே என்று தேட ஆரம்பித்தார்.

அவர் பிரதமர் ஆனதை ரேடியோவில் சொல்லிவிட்டார்கள் போலும். மறுநாள் காலை கரக் பஸ்ஸில் ஷம்ஸா வந்து இறங்கினாள். ஜன்னலில் பார்த்துவிட்டு பாஷா சமையலறைக்கு ஓடிவந்தார். அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத மனுஷன்!

"அவளுக்குக் காப்பி வேணாம். டீ குடு, மோர் குடு, என்ன வேணா குடு. காப்பி மட்டும் வேணாம், வஸ்ஃபியா."

நாட்டின் பிரதமர் என்னிடம் கெஞ்சினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. வறுத்த கொட்டையை உரலில் போட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி இடித்தேன்.

ஷம்ஸா கோப்பையை வாங்கினாள். வாசலுக்கு நேராகத் தரையில் வைத்தாள்.

"பாஷா" என்றாள். எப்போதும் ராதிப் என்றுதான் கூப்பிடுவாள். "எதுக்கு வந்திருக்கேன்னு கேக்க மாட்டியா?"

"தெரியும், ஷம்ஸா."

"அப்ப குடின்னு சொல்லு. அவங்களுக்குச் சொன்னியாமே."

"அது என் ஒருத்தன் கையில இல்ல..."

"நேத்து அவங்களுக்குச் சொல்றப்போ இருந்துச்சே!"

வெளியே அரண்மனைக் கார் ஹாரன் அடித்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஒரே ஒரு வார்த்தை, சொல்லிவிடுங்களேன் என்று மனசு அடித்துக்கொண்டது. அவர் உதடு அசைந்தது மாதிரிகூட இருந்தது. அக்கா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் ஹாரன். அவர் கால்சட்டையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல், ரொம்பக் கவனமாகக் கோப்பையைத் தாண்டிப் போனார்.

கார் சத்தம் இறக்கத்தில் தேய்ந்தது. நான் கோப்பையை எடுக்கக் குனிந்தேன். ஷம்ஸா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கயே இருக்கட்டும். திரும்பி வர்றப்போ இந்த வாசல் வழியாத்தானே வரணும்."

தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.