கடைசியில் சேர்த்த வரி

வேனில் ஏறிய எல்லோருக்கும் கைடு ஆளுக்கொரு மஞ்சள் தொப்பி கொடுத்தான். முப்பதைத் தாண்டிய ஆள். இடுப்பில் சின்ன ஒலிபெருக்கிப் பெட்டி, கன்னத்தை ஒட்டி ஒரு மைக், காலையிலேயே கம்மிப்போன குரல்.

"தொப்பியைத் தொலைச்சிடாதீங்க. கூட்டத்துல நான் மூஞ்சியைத் தேட மாட்டேன், தொப்பியைத்தான் தேடுவேன். தலை தொலைஞ்சாலும் பரவாயில்ல, தொப்பி இருந்தா ஏத்திக்குவேன்."

முன் சீட்டு மளிகைக்கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். "எங்க வீட்டுக்காரிக்கு ரெண்டா கொடுப்பா. ஒண்ணு தலைக்கு, ஒண்ணு வாய்க்கு." வீட்டுக்காரி முழங்கையால் அவர் விலாவில் ஒரு இடி இடித்தாள். வேனே சிரித்தது.

கடைசி சீட்டில் இருந்த மூட்டைக்காரர் சிரிக்கவில்லை. சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்கித் தூக்கிக் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துபோன மனிதர். நேராகப் பார்க்கும்போதும் யாரையோ சந்தேகமாகப் பார்ப்பது போலத்தான் இருக்கும். தன் தொப்பியைப் போட்டுக்கொண்டு, இன்னொன்றை மனைவியின் தலையில் வைத்துவிட்டார். அவள் தடுக்கவில்லை. அவள் மடியில் ஒரு துணிப்பை. பைக்குள் மகனுடைய நீலக் கட்டம் போட்ட சட்டை. அதை ஆற்றில் விட்டுவிடுகிறேன் என்று அவள் வாயாலேயே சொல்லியிருந்தாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் இவ்வளவு தூரம் வந்திருந்தார்.

மகன் அச்சகத்தில் வேலை பார்த்தவன். அச்சகத்து ஆட்களோடு இதே ஆற்றுக்கு, இதே மாதிரி ஒரு வேனில் சுற்றிப் பார்க்க வந்தான். கூட வந்தவன் ஒருவனுடைய செருப்பு தண்ணீரில் மிதந்து போக, எடுத்துத் தருகிறேன் என்று இறங்கினான். செருப்பு கரை ஒதுங்கியது. அவன் ஒதுங்கவில்லை. படகு விட்டுப் பார்த்தார்கள், வலை போட்டுப் பார்த்தார்கள், ஆள் இறக்கியும் பார்த்தார்கள். பிறகு கையை விரித்துவிட்டார்கள். அதற்கப்புறம் இரண்டு மழைக்காலம் போய்விட்டது.

உடம்பைக் கண்ணால் பார்த்திருந்தால் அவள் அழுது தீர்த்திருப்பாள். பார்க்கவில்லை, அதனால் அழவும் இல்லை. வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட விடமாட்டாள். "வந்து தட்டிட்டு நிப்பானா, பாவம்." இருக்கிற ஒரே அறையில் அவனுடைய பாய் விரித்தபடியே கிடக்கும், மூட்டைக்காரர் சுவரோடு ஒட்டிக்கொண்டு படுப்பார். அட்டைப்பெட்டி ஒட்டுகிற பட்டறையில்தான் அவளுக்கு வேலை. ஒருநாள் அடிப்பாகம் ஒட்டாமலே வரிசை வரிசையாகப் பெட்டிகளை அடுக்கி வைத்துவிட்டாள். மேற்பார்வைக்காரி நல்லவள், ஒரு பெட்டியைத் தூக்கி அதன் வழியாக அவளைப் பார்த்து, "அக்கா, இது பெட்டியா ஜன்னலா?" என்று கேட்டுவிட்டு, ரெண்டு நாள் வீட்டில் இருக்கச் சொன்னாள். கட்டிக்கொடுத்த மகள் வருவதையே நிறுத்திவிட்டாள். "போனவனுக்கு இருக்கிற மரியாதை இருக்கிறவளுக்கு இல்லப்பா. எனக்கு ஒரு அம்மா இருக்கான்னு நீயே சொல்லு." மூட்டைக்காரர் தோளைத் தடவிக்கொண்டார். மூட்டையாக இருந்தால் இறக்கி வைக்கலாம்.

அதனால்தான் இந்தப் பயணம். தனியாகக் கூட்டிக்கொண்டு போனால் ஆற்றைப் பார்த்ததும் திரும்பிவிடுவாள். நாலு பேரோடு கூட்டமாகப் போனால், அவர்கள் முழுகி எழுவதைப் பார்த்து இவளும் இறங்கலாம், கையில் இருப்பதை விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டார். காலையில் ஆற்றில் முழுக்கு, மத்தியானம் அக்கரையில் புத்தர் கோயிலும் மடமும், சாயங்காலம் வீடு. அவருக்கு வேண்டியது காலை மட்டும்தான்.

ஆற்றங்கரையில் கூட்டம் இருந்தது. வழவழவென்று தேய்ந்த கல்படிகள், கடைசிப் படிக்குக் கீழே பழுப்பு நிறத் தண்ணீர். மளிகைக்கடைக்காரர் துண்டைக் கட்டிக்கொண்டு கழுத்தளவு போய், மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள், "நீங்க மொதல்ல எந்திரிங்க, ஆத்துக்குக் கொஞ்சம் எடம் கெடைக்கட்டும்" என்றாள். அவர்களுக்குச் சற்றுத் தள்ளி ஒரு வயதானவர் யாருடைய வேட்டியையோ தண்ணீரில் விரித்துவிட்டு, அது போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவளும் அதைப் பார்த்தாள். பையிலிருந்து சட்டையை எடுத்தாள்.

"இறங்கவா?" என்று கேட்டாள்.

"இறங்கு. நான் பின்னாடியே நிக்கறேன்."

முழங்கால் தண்ணீரில் நின்றாள். சட்டையை நீரின் மேல் விரித்துப் பிடித்தாள். தண்ணீர் அதன் கையை முதலில் இழுத்தது, பிறகு காலரை நனைத்தது. அவள் தோள் மெல்ல ஆடுவதை மூட்டைக்காரர் பார்த்தார். அழுகிறாள். இரண்டு மழைக்காலமாக வராத அழுகை. விடும்மா, விட்டுடு என்று மனசுக்குள்ளேயே சொன்னார். வாய்விட்டுச் சொன்னால் கலைந்துவிடும் என்று பயம்.

மேல் படியில் கைடு தன் ஆட்களைக் கூட்டி வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்திருந்தான். மைக் வழியாக அவன் குரல் படிகளில் உருண்டு கீழே வந்தது.

"இந்த ஆறு ரொம்பப் புனிதம், ஆனா ரொம்பப் பொல்லாதது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அச்சகத்துப் பசங்க கொஞ்சப் பேர் வந்தாங்க. ஒருத்தன் செருப்பு தண்ணியில போயிடுச்சு. இன்னொரு பையன், பாவம், எடுத்துத் தரேன்னு எறங்கினான். செருப்பு வந்துச்சு, பையன் வரல."

யாரோ உச்சுக் கொட்டினார்கள். தண்ணீரில் நின்றவளின் தோள் ஆடுவது நின்றுபோயிற்று.

"ஆனா ஒண்ணு," என்றான் கைடு. குரலைத் தாழ்த்தினான். "உடம்பு கெடைக்கவே இல்ல. மத்தியானம் அக்கரையில ஒரு மடத்துக்குப் போகப்போறோம் இல்லையா? அங்க ஒரு சின்ன வயசுப் பிக்கு இருக்காராம். ஆத்துல அடிச்சிட்டு வந்தவராம், பழசு எதுவும் ஞாபகம் இல்லையாம். தோட்டத்துக்குத் தண்ணி ஊத்திட்டு இருப்பாராம். அது அந்தப் பையனா, வேற யாரோ, யாருக்குத் தெரியும்? போய்ப் பார்ப்போம். தொப்பியைச் சரி பண்ணிக்குங்க."

அவள் சட்டையை வெடுக்கென்று இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். திரும்பிப் படியேறினாள். கணவரைத் தாண்டிப் போகும்போது அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணீர் காயவில்லை, ஆனால் அழுகை போய்விட்டது. கல்யாணமான புதிதில் எப்போதோ பார்த்த முகம்.

"கேட்டீங்களா?" என்றாள். எல்லோருக்கும் முன்னால் போய் வேனில் உட்கார்ந்துகொண்டாள்.

பாலம் தாண்டி அக்கரையில், ஒரு மரத்தடியில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தார்கள். மூட்டைக்காரர் தன் பொட்டலத்தைப் பிரிக்காமல் கைடைத் தேடிப் போனார். அவன் வேனுக்குப் பின்னால், மைக்கைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"தம்பி, காலையில ஒரு பையன் கதை சொன்னியே."

"ஆமாண்ணே. எல்லாருக்கும் மனசு உருகிடும்."

"அது எம் பையன்."

கைடின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. பொட்டலத்தை மடித்துக் கீழே வைத்தான். மூட்டைக்காரர் அவன் முகத்தையே பார்த்தார்.

"மடத்துல ஒருத்தன் இருக்கானே, அது?"

"அண்ணே, அது நானா சேத்தது." கையைத் துடைத்துக்கொண்டான். எதில் துடைப்பது என்று தெரியாமல் தொப்பியிலேயே துடைத்தான். "சாவுல கொண்டுபோய் முடிச்சா வேன்ல எல்லாரும் உம்முன்னு உக்காந்துக்கறாங்க. அடுத்த எடத்துல எறங்கவே மாட்டேங்கறாங்க. ஒரு எடத்துக் கதையை அடுத்த எடத்துக்குத் தூக்கிக் கொடுக்கணும்ணே. அதான் எங்க வேலை. சத்தியமா உங்க பையன்னு தெரியாது."

மூட்டைக்காரருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றிக் கைமாற்றி மாடிக்கு அனுப்புகிற வேலை அவரும் செய்திருக்கிறார். கையில் வந்ததை அடுத்தவன் கையில் கொடுப்பதுதான் வேலை. அது எங்கே போய் உட்காருகிறது என்று பார்த்ததில்லை.

"வந்து அவகிட்ட சொல்லிடு தம்பி. நான் சொன்னா நம்ப மாட்டா."

கைடு வந்தான். அவளுக்கு எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தான். மைக்கைக் கழற்றிப் பையில் போட்டிருந்தான். மைக் இல்லாத அவன் குரல் மெலிதாக, யாருடைய குரலோ போல இருந்தது.

"அக்கா, மன்னிச்சிடுங்க. அந்தப் பிக்கு விஷயம் நெஜம் இல்ல. நான் கட்டினது."

அவள் அவனை நிதானமாகப் பார்த்தாள். மடியில் ஈரச்சட்டை.

"செருப்பு விஷயம்?"

"அது நெஜம்தான்க்கா."

"அச்சகத்துப் பசங்க?"

"அதுவும் நெஜம்தான்."

"உடம்பு கெடைக்கலன்னியே?"

"கெடைக்கலதான். ஆனா..."

"எல்லாம் நெஜமா இருக்கு, கடைசி மட்டும் பொய்யா?" அவள் சிரித்தாள். கோபமே இல்லை. "அவருதானே உன்னைச் சொல்லச் சொன்னாரு? பாவம், நீ என்ன பண்ணுவ. போய்ச் சாப்பிடு, ஆறிப்போயிடும்."

கைடு எழுந்து நின்று மூட்டைக்காரரைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்தார்.

மடத்துக்கு முன்னால் இடிந்த ஸ்தூபி ஒன்று, பாதி புல் மூடிய செங்கல் மேடாக இருந்தது. எந்தக் காலத்தில் யார் கட்டியது என்பதைக் கைடு சுருக்கமாகச் சொன்னான். கதை ஒன்றும் சொல்லவில்லை. மளிகைக்கடைக்காரர்கூட, "என்னப்பா, சாப்பிட்டதும் சார்ஜ் எறங்கிடுச்சா?" என்று கேட்டுப் பார்த்தார். அவன் சிரித்து வைத்தான். எல்லோரும் ஸ்தூபியைச் சுற்றிக்கொண்டிருக்க, அவள் சுற்றாமல் நேராக மடத்துத் தோட்டத்துக்கு நடந்தாள். மூட்டைக்காரர் பின்னாலேயே போனார்.

தோட்டத்தில் ஒருவர் பூவாளியால் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். காவி உடை, மழித்த தலை, பின்பக்கம் திரும்பிய முதுகு. எந்த மடத்தில்தான் யாராவது செடிக்குத் தண்ணீர் ஊற்றாமல் இருப்பார்கள்? ஆனால் மூட்டைக்காரருக்கே ஒரு நிமிடம் கால் ஓடவில்லை. தலை மழித்துவிட்டால் எல்லா முதுகும் ஒன்றுதான். அந்த ஒரு நிமிடம் அவரும் அவளும் ஒரே இடத்தில் நின்றார்கள்.

பிக்கு திரும்பினார். சப்பையான வேறு முகம், வேறு தேசத்து முகம். இருபது வயதுதான் இருக்கும். அவர்களைப் பார்த்துக் கைகூப்பினார்.

மூட்டைக்காரருக்கு மூச்சு வந்தது. சரி, பார்த்துவிட்டாள். இதோடு முடிந்தது.

அவள் கிட்டே போனாள். "ஐயா, இங்க உயரமா ஒரு பையன் இருக்கானா? இதோ, தாடையில இங்க ஒரு தழும்பு." தன் தாடையைத் தொட்டுக் காட்டினாள். "ஆத்துல வந்தவன். பழசெல்லாம் மறந்துடுச்சு அவனுக்கு. இருக்கானா?"

அவருக்குப் பாஷை தெரியாது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. ஒரு அம்மா எதையோ கெஞ்சிக் கேட்கிறாள் என்பது மட்டும் அவருக்கு விளங்கியிருக்கும். இல்லை என்று சொல்ல மனம் வராதவர் போல, புன்னகையோடு தலையை ஆட்டினார். மெல்ல, பலமுறை ஆட்டினார்.

"பாத்தீங்களா?" என்றாள் அவள், திரும்பி.

"அவருக்கு நம்ம பேச்சுப் புரியலம்மா."

"தலையாட்டினாரே."

"எது கேட்டாலும் ஆட்டுவாரு. ஆனை இருக்கான்னு கேட்டாலும் ஆட்டுவாரு."

"நான் ஆனையா கேட்டேன்?" என்றாள். "இப்ப வெளியே போயிருப்பான். நாமதான் சொல்லாம கொள்ளாம வந்துட்டோம். அடுத்த தடவை காலையிலேயே வந்துடலாம்."

அடுத்த தடவை. அதற்கடுத்த தடவையும் இருந்தது. மூட்டைக்காரருக்கு எல்லாமே வரிசையாகக் கண்ணில் தெரிந்தது: மஞ்சள் தொப்பி, பாலம், பூவாளி, தலையாட்டல். வீட்டில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இனி மடத்து வாசலும் சேர்ந்துகொண்டது. கொண்டுவந்து விட்டது அவரேதான். அவள் வீட்டிலேயே இருந்திருந்தால் காத்துக் காத்து ஒருநாள் அலுத்திருப்பாள். இனி அலுக்காது.

வேன் ஊருக்குத் திரும்பியது. கைடு தொப்பிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டே வந்தான். கடைசி சீட்டுக்கு வந்ததும் அவள் தலையிலிருந்து எடுக்கக் கை நீட்டி, எடுக்காமல் போய்விட்டான்.

அவள் ஜன்னல் கம்பியில் சட்டையைப் போட்டுக் காற்றில் உலர்த்தினாள். ஊர் நெருங்கும்போது காய்ந்துவிட்டது. மடியில் போட்டு உட்புறமாகத் திருப்பினாள். தையல்காரர் வளருகிற பையன் என்று உள்ளே துணி விட்டுத்தான் தைத்திருந்தார். விரலால் அந்தத் தையலை ஓரத்தோடு ஓரமாகத் தடவிக்கொண்டே போனாள்.

"ஏங்க, இது இப்ப அவனுக்குப் பத்துமா?"

மூட்டைக்காரர் முன்னால் பார்த்தார். கைடு கதவோரத்தில் உட்கார்ந்து தொப்பிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக்கொண்டிருந்தான். அவர் மறுபடி அவளைப் பார்த்தார். அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள். இத்தனை நாளில் அவனைப் பற்றி அவரிடம் அவள் எதையும் கேட்டதே இல்லை.

"தோள்ல கொஞ்சம் பிடிக்கும்," என்றார். "பிரிச்சு விட்டா சரியாப் போயிடும்."

அவள் தலையசைத்துவிட்டு, பல்லால் முதல் நூலைக் கடித்தாள்.